தாளுக்கு வெளியே

"அண்ணே, உங்க வரிய உங்களுக்கே அடிச்சுத் தர மாட்டேங்குது இந்த மிஷினு" என்று சொல்லி ஜெகன் சிரித்தான்.

எட்டயபுரம் ரோட்டில் அவனுடைய போஸ்டர் கடை. காலை பத்து மணி. என் மனைவி புஷ்பத்தின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிப் போஸ்டருக்குச் சொல்ல வந்திருந்தேன். அவள் படம் திரையில் இருந்தது. படத்துக்குக் கீழே நான்கு வரிகள்:

கதவைத் தாழ் போடவில்லை.
செருப்பை எடுத்து வைக்கவில்லை.
எந்நேரம் வந்தாலும்
சோறு இருக்கும்.

அதன் மேல் சிவப்பில் ஒரு பட்டை: 'மூலம் விசாரணையில் உள்ளது. அச்சிட இயலாது.'

தோற்ற உரிமைச் சட்டம் வந்து எட்டு மாதம் ஆகிறது. எழுதிய வாக்கியம், வரைந்த படம், போட்ட மெட்டு எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தாக வேண்டும். 'யாரோ எழுதியது' என்ற பேச்சே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அமைப்புக்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் உண்டு. ஜனங்கள் அதை 'வேர்' என்றார்கள். பழைய கம்ப்யூட்டர், பென் டிரைவ், மெயில் என்று கிடைத்ததையெல்லாம் அதற்குள் கொட்டியிருந்தார்கள். ஒரு வரியைக் கொடுத்தால் அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று பின்னாலேயே போய் முதல் கையைப் பிடித்துவிடும். அச்சு மிஷின், மைக் செட், போன் எல்லாம் அதைக் கேட்டுத்தான் வேலை செய்தன.

"போன முகூர்த்தத்துல ஒரு அம்மா நலுங்குப் பாட்டு பாடுச்சு. பாதில மைக் ஆஃப் ஆயிருச்சு" என்றான் ஜெகன். "பத்திரிகைல 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' போட முடியல. அது மதுரைல யாரோ ஒரு பிரஸ்காரர் பேர்ல ஏறிருச்சு. இப்ப எல்லாரும் 'வந்தா சந்தோஷம்'னு போடுதாங்க. நல்லாத்தான் இருக்கு."

"நான் மனு போட்டு மூணு மாசம் ஆச்சே."

"இன்னொருத்தரும் போட்டுருக்காங்கண்ணே. வேலுத்தாய், கயத்தாறு. யாரு இது? நீங்க எழுதுனதுன்னு ஊருக்கே தெரியும். மதினி சொல்லாத ஆளு உண்டா?"

நாற்பது வருஷமாகக் காதில் விழாத பெயர்.

"ஒன்பதாந்தேதி திருநெல்வேலில விசாரணைன்னு போட்டுருக்கு. மதினிக்குப் பதினாலுல்லா? நேரம் இருக்கு, முடிச்சிட்டு வாங்க" என்றான்.

*

இரண்டாயிரத்து ஆறில் நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தாவீது அண்ணாச்சியின் டி.டி.பி. கடையில் இருந்தேன். மாடியில் ஒரே அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், கரண்ட் போனால் கத்தும் யு.பி.எஸ். பெரும்பாலும் எனக்கு ராத்திரி ஷிப்ட். சாவுக்கு நேரம் காலம் இல்லை என்பதால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கும் இல்லை. பகலில் வேலுத்தாயக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். தமிழ் டைப்பிங்கில் அவரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை. எனக்கு மிச்சம் வைத்த புளிச்சோற்றை மானிட்டருக்குப் பின்னால் மூடி வைத்துவிட்டுப் போவார். அந்த அறையின் மை வாசமும் புளி வாசமும் எனக்கு இன்னும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வருகின்றன. அது நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். சம்பளம் ஒழுங்காக வராது. ஆனால் யாரும் யாரையும் 'இது யாருடையது' என்று கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் புதிதாக ஒரு கோப்பைத் தொடங்குகிறவன் முட்டாள். கடைசியாக அடித்த போஸ்டரைத் திறப்போம். செத்தவர் படத்தை மாற்றுவோம், பெயரை மாற்றுவோம், அதன் மேலேயே சேமிப்போம். வேண்டாததை அழிக்க மாட்டோம். நாம் வைக்காததை அழிக்க ஒரு பயம், நாளைக்கு உதவும் என்று ஓர் ஆசை. அதனால் தாளின் எல்லைக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடுவோம். வெளியே கிடப்பது அச்சில் வராது. திரையில் தாளைச் சுற்றிப் பழைய மாலைகள், குத்துவிளக்குகள், போன் நம்பர்கள், எப்போதோ செத்த முகங்கள் எல்லாம் குப்பை மாதிரி கிடக்கும். வேறு கடைக்கு வேலைக்குப் போகிறவன் இந்தக் கோப்புகளைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போவான். அதுதான் எங்கள் டிகிரி சர்டிபிகேட். அண்ணாச்சியே போகும்போது கேட்பார், "டிசைன் எல்லாம் எடுத்துக்கிட்டியாடே?"

வேலுத்தாயக்காவின் தம்பி அழகுராஜ் பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பெயில். அப்பா அடித்தார். மறுநாள் காலை ஆள் இல்லை. பத்து நாள் தேடிவிட்டு, அக்கா ஒரு மதியம் கடையிலேயே உட்கார்ந்து 'காணவில்லை' நோட்டீஸ் ஒன்று செய்தார். நடுவில் தம்பியின் படம். கீழே அந்த வரிகள். சனிக்கிழமை வேறு வேலையோடு சேர்த்து அச்சில் ஓட்டலாம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் காலை ஷிப்டை முடித்துக் கிளம்பப் போனேன். ஐந்து பேர் மாடியேறி வந்தார்கள். ஒரு மிட்டாய்க் கடைக்காரர் இறந்துவிட்டார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள். நான் வழக்கம் போலக் கடைசிக் கோப்பைத் திறந்தேன். நடுவில் படம், கீழே வரிகள். சாவு போஸ்டரும் காணாமல் போன நோட்டீஸும் ஒரே அமைப்புதான். 'காணவில்லை'யை எடுத்து 'கண்ணீர் அஞ்சலி' போட்டேன். பையனை வெளியே தள்ளினேன், மிட்டாய்க் கடைக்காரரை உள்ளே வைத்தேன். வரிகளைப் படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தன. ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது, அது மட்டும் கிழவருக்குப் பொருந்தவில்லை. அதையும் வெளியே தள்ளினேன். சேமித்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒட்டியிருந்தது.

மறுநாள் அக்கா கேட்டார், "என் தம்பிய எங்கடா தள்ளுன?"

"வெளியத்தான்க்கா கிடக்கான். ஒண்ணும் அழியல. மறுபடி உள்ள இழுத்துப் போட்டா சரியாப் போச்சு."

"வரி?"

"அதையும் போட்டுக்கலாம்."

"எப்படிடா போட? ஊரே அத சாவு வரின்னு படிச்சிருச்சே. அத என் தம்பி படத்துக்குக் கீழ போட்டா என்னன்னு நினைப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டீஸ் அந்த வரிகள் இல்லாமல் வந்தது. உயரம், நிறம், சட்டை நிறம், தொடர்பு கொள்ள வேண்டிய நம்பர். போலீஸ் அறிவிப்பு மாதிரி இருந்தது. அதைப் பார்த்து யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். அவனும் திரும்பவில்லை. அடுத்த மாதம் அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டார்.

வரிகள் நிற்கவில்லை. சாத்தூர், அருப்புக்கோட்டை, தென்காசி என்று பென் டிரைவ் போன இடமெல்லாம் போயின. இரண்டு வருஷம் கழித்துப் புஷ்பம் தன் அப்பாவுக்குப் போஸ்டர் அடிக்கக் கடைக்கு வந்தாள். பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றே அழுதாள். பிறகு கேட்டாள், "இத எழுதுனது யாரு?"

நான்தான் என்று சொன்னேன்.

அழகான பெண். எனக்கு இருபத்துநான்கு வயது. வேறு காரணம் கிடையாது. அடுத்த வருஷம் கல்யாணம். அவள் முப்பத்தாறு வருஷம் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், கடைசியாக டயாலிசிஸ் நர்ஸ். "எங்க வீட்டுக்காரரு எழுதுனதுதான்." ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னாள், "எனக்கும் அதையே போடுங்க. வருஷா வருஷம் போடுங்க." போன வருஷம் போட்டேன். அப்போது சட்டம் வரவில்லை.

*

திருநெல்வேலி அலுவலகத்தின் நடைபாதையில் ஒரு பெஞ்ச். வேலுத்தாயக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். என் நடையை வைத்து என்னை அடையாளம் கண்டாராம்.

"என்ன அருண், முடியெல்லாம் எங்க போச்சு?"

"உங்க பல்லு போன இடத்துக்குத்தான்க்கா."

சிரித்தார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"அண்ணாச்சி இருக்காரா?" என்றார்.

"செத்து இருபது வருஷமாச்சு."

"அவருக்கும் அதையேதான் ஒட்டுனீங்களாக்கும்?"

"ஆமா."

"நல்லாருக்கு."

"எதுக்குக்கா மனு போட்டீங்க? ஏதாவது கம்பெனி விலைக்குக் கேக்குதா?"

"கம்பெனிக்குக் குடுக்கவா? நிப்பாட்டப் போறேன். எவனும் எங்கயும் அடிக்கக் கூடாது." அவர் குரல் உயரவில்லை. "பஸ்ஸுல போறேன், செவுத்துல இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறேன், வாசல்ல இருக்கு. எங்க அம்மா செத்தப்ப எங்க பெரியப்பா மகன் அதையே அடிச்சிட்டு வந்து ஒட்டுதான். 'நல்லாருக்குல்லா வேலு?'ங்கான். நான் யாருட்டப் போய்ச் சொல்ல? ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் என் தம்பியத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கு. அவன் உசுரோட இருக்கான்."

"இருக்கானாக்கா?"

"செத்துட்டான்னு யாரும் வந்து சொல்லலையே."

நான் புஷ்பத்தைப் பற்றிச் சொன்னேன். பதினான்காம் தேதி வருஷம் வருகிறது என்றேன். அதற்கு மட்டும் விடுங்கள் என்று கேட்டேன்.

"உம் பொண்டாட்டிக்கு நீயே எழுது" என்றார். "நீதான் பெரிய கவிஞராமே. கயத்தாறு வரைக்கும் சொன்னாங்க."

உண்மையில் நான்கு நாளாக எழுதித்தான் பார்த்திருந்தேன். 'அன்பு மனைவியே' என்று தொடங்கும், அதற்கு மேல் ஓடாது.

"ஜெயிக்கப் போறது நீதான், எனக்குத் தெரியும்" என்றார். "எங்கிட்ட ஒரு துண்டுத்தாள் கிடையாது. அவன் போட்டோ ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தது. அதையும் உங்க கடைல ஸ்கேன் பண்ணக் குடுத்தேன், திரும்பி வரல. இப்ப அவன் மூஞ்சி எனக்கு முழுசா வர மாட்டேங்குது அருண். மூக்கு வருது. மத்ததெல்லாம் வேற யாரோ மாதிரி இருக்கு."

உள்ளே கூப்பிட்டார்கள்.

*

விசாரணை அதிகாரியின் பெயர் நஸ்ரின். முப்பது வயதிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு கருவாட்டுக் குழம்புச் செய்முறை யாருடையது என்ற தகராறை முடித்திருந்தார். களைத்துத் தெரிந்தார்.

சுவர்த்திரையில் ஒரு மரம் விரிந்தது. மேலே லட்சக்கணக்கான கிளைகள். ஒவ்வொன்றும் ஒரு போஸ்டர். அவர் விரலை இறக்க இறக்கக் கிளைகள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரே ஒரு கோப்பில் நின்றன. மிட்டாய்க் கடைக்காரர் எங்களைப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. கணினி இரண்டு, பயனர் பேரு அருண். நேரம் காலை எட்டு பத்து. அம்மா, இதுக்கு முந்தினது ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல. இருந்ததுக்கு மேலதான் இத சேமிச்சாங்க."

"அதுக்கு ஆதாரம்?"

"அதுக்கு முந்தின நாள் மதியம் நான் டைப் பண்ணேன். அதான் ஆதாரம்."

நஸ்ரின் பெருமூச்சு விட்டார். என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எழுதுனதுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா பதிஞ்சிடலாம்."

ஒரே ஒரு வார்த்தை. ஏற்கெனவே சொன்னதுதான், இரண்டாவது தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இல்லை என்று சொன்னால் பதினான்காம் தேதி புஷ்பத்துக்குக் கீழே வெற்றிடம். அதைவிட, அவள் முப்பத்தாறு வருஷமாக ஊரெல்லாம் சொன்னது பொய் என்று ஆகும். பொய் சொன்னவன் நான், சொல்லித் திரிந்தவள் அவள். செத்தவளுக்குத் தெரியப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் உதவவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மிட்டாய்க் கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தத் தாளக் கொஞ்சம் சின்னதாக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சுத்தி என்ன கிடக்குன்னு பாக்கணும்."

"அச்சுல வராதது கணக்குல வராது சார். சட்டம் அப்படித்தான்."

"கணக்குக்கு இல்ல மேடம். சும்மா பாப்போம்."

அவர் இரண்டு விரலைக் குவித்தார். தாள் சுருங்கியது. சுற்றிலும் சாம்பல் நிற வெளி. அதில் ஒரு மாலை, ஒரு விளக்கு, பாதி அழிந்த ஒரு போன் நம்பர். இடது ஓரத்தில் தலைகீழாக ஒரு பையன். அவனுக்குப் பக்கத்தில் ஒற்றை வரி:

அப்பா இனி அடிக்க மாட்டார்.

நஸ்ரின் படத்தை நேராகத் திருப்பினார்.

வேலுத்தாயக்கா எழுந்து போனார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார்.

"காது" என்றார். "காது மறந்தே போச்சு. இம்புட்டுப் பெரிய காதா இவனுக்கு!"

நான் சொன்னேன். "எழுதுனது இந்த அக்காதான் மேடம். இது காணாமப் போன நோட்டீசு, சாவு போஸ்டர் இல்ல. தெரியாமத் திறந்தேன். ஆனா தெரிஞ்சேதான் வெளிய தள்ளுனேன். அப்புறம் நான் எழுதுனேன்னு சொல்லிக்கிட்டேன்."

"அந்த அஞ்சாவது வரிய ஏன் எடுத்தீங்க?"

"செத்தது எழுபது வயசுக் கிழவரு. அவருக்கு எங்க இருக்கு அப்பா?"

நஸ்ரின் சிரிக்கவில்லை. எதையோ தட்டினார். மரம் மறுபடி விரிந்தது. இந்த முறை கிளைகளில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒளிர்ந்தன.

"இந்தப் பையன் படத்தையும் தேடச் சொன்னேன்" என்றார். "ஆச்சரியமா இருக்கு. முக்கால்வாசிக் கோப்புல இருக்கான். தாளுக்கு வெளிய. ஒருத்தர்கூட அழிக்கல. ஒருத்தர்கூட அச்சடிக்கவும் இல்ல."

"எங்கெல்லாம் போயிருக்கான்?" என்றார் அக்கா.

"தென்காசி, பழனி, சேலம், திருப்பத்தூர். அப்புறம் யாழ்ப்பாணம். கிள்ளான், அது மலேசியாவுல. துபாய்."

"சாத்தூரத் தாண்ட மாட்டான்னு நினைச்சேன்."

அவர் வெகுநேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நஸ்ரின் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார் வாக்குமூலம் போதும்மா, உரிமைய உங்க பேர்லயே பதியுறேன். நிபந்தனை சொல்லணும். விலைக்கு விடலாம், இலவசமா விடலாம், மொத்தமா நிறுத்தவும் செய்யலாம். நிறுத்தணும்னுதானே மனுவுல எழுதியிருக்கீங்க?"

"ஆமா." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்ல. நிப்பாட்ட வேண்டாம். இவன உள்ள வைங்க."

"புரியல."

"தாளுக்குள்ள. எவன் வீட்டுல எவன் செத்தாலும் அடிச்சுக்கட்டும், நான் ஒண்ணும் கேக்கல. ஆனா இவனும் உள்ள இருக்கணும். அவன் பேரு, அந்த அஞ்சாவது வரி, என் போன் நம்பரு."

"அந்த வரி இப்பவும் வேணுமாம்மா?"

"இப்பத்தான் அது நிச்சயமா உண்மை. அடிச்சவரு செத்து இருபத்தெட்டு வருஷமாச்சு."

நஸ்ரின் தயங்கினார். "துக்க வீட்டுல ஒத்துக்குவாங்களா? அவங்க ஆளு பக்கத்துல வேற ஒரு முகம்..."

"பிடிக்கலன்னா வேற எழுதிக்கட்டும். நாலு வரிதானே? ஒருத்தனால எழுத முடியாதா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

*

பதினான்காம் தேதி காலை மிஷின் மறுக்கவில்லை. ஜெகன் பிரிண்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். நடுவில் புஷ்பம். அவளுடைய இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் பெரிய காதுகளோடு ஒரு பையன். அடியில் சட்டப்படி ஒரு வரி: 'வரிகள்: வேலுத்தாய், கயத்தாறு.'

அதைப் படித்தான். என்னைப் பார்த்தான். என்னவோ கேட்க வாயெடுத்தான்.

"எத்தனண்ணே போடட்டும்?" என்றான்.

"ஐம்பது."

நானே கொண்டுபோய் ஒட்டினேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, பசை வாளியைத் தூக்கினால் தோள் வலிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் கழுகுமலை பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் கடைசி போஸ்டரை ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கிட்ட வந்து படித்தாள். நாற்பது வயதிருக்கும். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு பேருல யாரு செத்தது?"

"அந்தம்மா" என்றேன். "பையன் வரணும்."

"எங்க போயிருக்கான்?"

"தெரியல. இப்ப அவனுக்கு ஐம்பத்தேழு வயசு."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் அந்த போன் நம்பரை உதடு அசையப் படித்தாள். சுவரைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஓர் எண் தவறியது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.